விண்டோஸைத் திறந்துவிட்டால் புக்கிட் தெங்கா பட்டறைக்கு என்ன கிடைக்கும்?

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்தியது. கணினி அதற்குப் பிறகும் ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை இலவசமாக அடைத்துத் தர ஆள் இல்லை. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய செயலியும் வேண்டும். 2017-க்கு முன் வாங்கிய கணினிகள் பெரும்பாலும் இதில் தேறுவதில்லை.

வீட்டுக் கணினி என்றால் சமாளித்துவிடலாம். புக்கிட் தெங்கா தொழிற்பேட்டை போன்ற இடத்தில் சிறு பட்டறை நடத்துபவருக்கு அது அவ்வளவு எளிதல்ல. உலோகம் வெட்டும் இயந்திரத்தையோ பரிசோதனைக் கருவியையோ இயக்கும் மென்பொருள், பல நேரங்களில் ஒரு குறிப்பிட்ட விண்டோஸ் பதிப்பில்தான் ஓடும். இயந்திரம் இன்னும் பத்து ஆண்டு உழைக்கும். அதை இயக்கும் கணினிக்கோ காலம் முடிந்துவிட்டது. நிறுவனங்கள் பணம் கட்டினால் மேலும் மூன்று ஆண்டுகளுக்குப் புதுப்பிப்பு கிடைக்கும். ஒரு கணினிக்கு முதலாண்டு 61 அமெரிக்க டாலர், அடுத்து 122, மூன்றாம் ஆண்டு 244. மொத்தம் 427 டாலர். பழைய கணினியையே அந்த விலைக்கு விற்க முடியாது.

‘இனிப் பராமரிக்க மாட்டோம் என்றால், அதன் மூலநிரலை எல்லாரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டுவிடலாமே’ என்ற கேள்வி இங்கேதான் பிறக்கிறது. நியாயமான கேள்விதான். அப்படித் திறந்தால் மேசைக் கணினிச் சந்தையில் மைக்ரோசாப்டின் பிடி தளர்ந்து புதிய போட்டியாளர்கள் வருவார்களா?

வரமாட்டார்கள் என்பதற்குக் கைப்பேசிச் சந்தையே சாட்சி. ஆண்ட்ராய்டின் அடிப்படை நிரல் திறந்த மூலம். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். 2019-இல் அமெரிக்கத் தடைக்குப் பிறகும் ஹுவாவே கையில் அந்த நிரல் இருந்தது. இல்லாமல் போனது கூகுளின் பிளே ஸ்டோரும் அதைச் சார்ந்த சேவைகளும்தான். சீனாவுக்கு வெளியே அதன் கைப்பேசி விற்பனை சரிய அதுவே போதுமானதாக இருந்தது. நம் ஊர்க் கடைகளில் ‘இதில் கூகுள் இருக்கிறதா?’ என்று கேட்டு வாங்கியவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

ஆப்பிளும் மேக் இயங்குதளத்தின் அடித்தளத்தை டார்வின் என்ற பெயரில் 2000-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டது. திரையில் தெரியும் மேல்பகுதியை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டது. இத்தனை ஆண்டுகளில் டார்வினைக் கொண்டு மேக்கிற்கு ஒரு போட்டியாளர் உருவாகவில்லை. மைக்ரோசாப்ட் 2024-இல் எம்எஸ்-டாஸ் 4.00 நிரலை வெளியிட்டபோதும் ஆராய்ச்சியாளர்கள்தான் மகிழ்ந்தார்கள்.

மைக்ரோசாப்ட் மீதான அமெரிக்க வழக்கில் நீதிபதி தாமஸ் பென்ஃபீல்ட் ஜாக்சன் 1999-இலேயே இதைச் சரியாகக் கண்டார். வாடிக்கையாளர் விண்டோஸில் ஓடும் ஆயிரக்கணக்கான மென்பொருள்களுக்காகத்தான் விண்டோஸை வாங்குகிறார். பயனர் இருக்கும் இடத்துக்கே மென்பொருள் எழுதுபவர் போகிறார். மென்பொருள் இருக்கும் இடத்தை விட்டுப் பயனர் நகர்வதில்லை. இந்தச் சக்கரத்தை மூலநிரல் மட்டும் உடைக்காது.

ஆனால் பராமரிப்புச் சந்தை வேறு. விண்டோஸ் 10-ஐ இன்று பழுதுபார்க்கக்கூடியவர் உலகில் ஏறக்குறைய ஒரே ஒருவர்தான். அவர் சொல்வதே விலை. நிரல் வெளியே வந்தால் பாதுகாப்பு ஓட்டைகளை அடைத்துத் தரும் வேலையை வேறு நிறுவனங்களும் செய்யலாம். பினாங்கு போன்ற தொழில் மாநிலத்தில் அதற்கு வாடிக்கையாளர் பஞ்சம் இருக்காது. பட்டறைக்காரருக்கு 427 டாலரா, அதில் பாதியா என்பதுதான் பேச்சு. உலகச் சந்தையில் யார் முதலிடம் என்பதல்ல. மைக்ரோசாப்ட் இதைச் செய்யுமா என்றால், செய்யாது. விண்டோஸ் 10-இன் பெரும்பகுதி விண்டோஸ் 11-க்குள்ளும் உயிரோடு இருக்கிறது. விற்றுக்கொண்டிருக்கும் பொருளின் நிரலை யார் கொடுப்பார்கள்?

விலையை அசைத்த அனுபவம் வேறு பக்கம் இருந்து வந்திருக்கிறது. 2003-இல் தாய்லாந்து அரசு லினக்ஸ் ஏற்றிய மலிவு விலைக் கணினிகளை மக்களுக்கு விற்கத் தொடங்கியது. உடனே மைக்ரோசாப்ட் விண்டோஸையும் ஆபிஸையும் சேர்த்துச் சுமார் 1,500 பாட்டுக்குத் தர முன்வந்தது. விண்டோஸின் ஒரு வரி நிரல்கூட வெளியே வரவில்லை. வாங்குபவர் எழுந்து போய்விடுவார் என்ற பயம் வந்தது, விலை இறங்கியது.

தமிழ்நாட்டிலும் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-இல் முடிந்தபோது, அரசுத் துறைகள் இந்தியாவின் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸை நிறுவும்படி மாநில அரசு சொன்னது. மலேசியாவோ இதற்கெல்லாம் முன்பே, 2004-இல், பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தை மாம்பு வழியாகத் தொடங்கியது. சர்வர்களில் அது நன்றாகவே வேர்விட்டது. அதிகாரிகளின் மேசைகளில் பெரும்பாலும் விண்டோஸே நிலைத்தது. பழகிய கையும், அடுத்த அலுவலகம் அனுப்பும் வேர்டு கோப்பும் சேர்ந்து செய்த வேலை அது.

புக்கிட் தெங்கா பட்டறைக்காரர் பேரம் பேச வேண்டிய இடம் மைக்ரோசாப்டின் வாசல் அல்ல, இயந்திரம் விற்பவரின் மேசை. புதிய இயந்திரம் வாங்கும்போது, அதன் மென்பொருள் லினக்ஸில் ஓடுமா, விண்டோஸ் பதிப்பு மாறினால் புதிய டிரைவர் எத்தனை ஆண்டுகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் என்பவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கலாம். ஏற்கெனவே இருக்கும் பழைய கணினியை இணையத்திலிருந்து துண்டித்து, இயந்திரத்துக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டால் ஆபத்து கணிசமாகக் குறையும். வீட்டில் விண்டோஸ் 10 வைத்திருப்போருக்கு மைக்ரோசாப்ட் அறிவித்த கூடுதல் அவகாசம் 2026 அக்டோபர் 13 வரை.