ஒரே சொல், இரண்டு சேதி

கம்பம் பள்ளத்தாக்கில் மஞ்சக்காமாலை என்றதும் கை முதலில் போவது வரப்போரத்துக் கீழாநெல்லிக்குத்தான். லேப் அதற்கு அப்புறம். அந்த லேப் சீட்டில் ‘பாசிட்டிவ்’ என்று இருந்துவிட்டால் வீடே இடிந்து உட்கார்ந்துவிடுகிறது. எதற்குப் பாசிட்டிவ் என்று கேட்பார் இல்லை.

மஞ்சக்காமாலையைக் கொண்டுவரும் ஹெபடைட்டிஸ் பி-யில் அந்தக் கேள்விதான் முக்கியம். ‘ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி.’ என்பது வைரஸின் மேலுறைப் புரதம். அது பாசிட்டிவ் என்றால் கிருமி உடம்பில் இருக்கிறது. ஆறு மாதம் தாண்டியும் நீடித்தால் நாள்பட்ட தொற்று. ‘ஆன்ட்டி ஹெச்.பி.எஸ்.’ இதற்கு நேர் எதிர். அது கிருமியைத் தடுக்கும் எதிர்ப்பொருள். ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லி அலகும் அதற்கு மேலும் இருந்தால் பாதுகாப்பு உண்டு. தடுப்பூசி போட்டவருக்கும் வரும், நோய் வந்து குணமானவருக்கும் வரும். யார் எந்த வகை என்பதை ‘ஆன்ட்டி ஹெச்.பி.சி.’ என்ற இன்னொரு எதிர்ப்பொருள் காட்டிக்கொடுக்கும். ஊசியில் மேலுறைப் புரதம் மட்டுமே இருப்பதால், நிஜமான தொற்று பட்டவர்களுக்குத்தான் இது உருவாகும்.

ஆக, ஒரு பாசிட்டிவுக்கு மருத்துவரிடம் ஓட வேண்டும், இன்னொன்றுக்கு நிம்மதியாகத் தூங்கலாம். சீட்டில் இரண்டும் ஒரே எழுத்தில்தான் அச்சாகின்றன.

கீழாநெல்லியும் இந்தப் பரிசோதனையைச் சந்தித்திருக்கிறது. சென்னையில் எஸ்.பி.தியாகராஜன் குழுவினர் நாள்பட்ட தொற்றாளர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்து, 1988-இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். இந்த வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் அதில் ஓர் ஆசிரியர். மூலிகை சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. மறைந்தது, வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

பிறகு ஏன் ஊரில் இத்தனை பேர் அதனால் குணமானதாகச் சொல்கிறார்கள்? பெரியவர்களுக்குத் தொற்று வந்தால் 100-க்குச் சுமார் 95 பேருக்குத் தானாகவே விலகிவிடும். பேர் வாங்குவது கீழாநெல்லி. பிறக்கும்போதே தாயிடமிருந்து தொற்றினால் கதை வேறு, பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நாள்பட்டதாகிவிடும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஊசி போடச் சொல்வது அதனால்தான்.

லேப்காரர்கள் ‘கிருமி இருக்கிறது’, ‘எதிர்ப்பு இருக்கிறது’ என்று சீட்டில் தமிழில் ஒரு வரி சேர்த்தால் மை ஒன்றும் தீர்ந்துவிடாது. ஹெபடைட்டிஸுக்காக 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்; தேனிக்காரர்கள் விசாரிக்க க.விலக்கு அரசு மருத்துவமனை இருக்கிறது. வீட்டில் ஒருவருக்குக் கிருமி இருந்தால் மற்றவர்களும் பரிசோதித்து ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அவருடைய தட்டையும் டம்ளரையும் ஒதுக்கி வைப்பதில் பயனில்லை. ஒதுக்க வேண்டியது ரத்தம் படும் சவர பிளேடை.