நால்வர் ஓடும் ஓட்டம்: பிழை யாருடையது?

காட்டிலும் மலையிலும் ஆற்றிலும் பல நாட்கள் தொடர்ந்து நடைபெறும் ஒருவகைப் போட்டி உண்டு. சாகச ஓட்டம் என்று அதனைச் சொல்லலாம். ஓட்டம் என்றாலும் ஓடுவது அதில் சிறு பங்குதான். நடப்பது, சைக்கிள் உழக்குவது, வள்ளம் வலிப்பது, கயிற்றில் ஏறுவது, நீந்துவது யாவும் அதில் அடங்கும். பிரான்ஸ் நாட்டுப் பத்திரிகையாளரான ஜெரார் பியூசில் 1989ஆம் ஆண்டில் நியூசிலாந்தில் இத்தகைய பெரும் போட்டியொன்றை ஆரம்பித்தார். பின்னர் 1995இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 'இக்கோ சலெஞ்ச்' என்ற போட்டி தொடங்கியது.

பணமும் ஓய்வும் உள்ளவர்களின் விளையாட்டு இது என்பதை மறைக்க வேண்டியதில்லை. மழையிலும் சேற்றிலும் பிள்ளைகளையும் மூட்டைகளையும் சுமந்து நடந்த எமது மக்களுக்கு, அதே கஷ்டத்தை ஒருவர் காசு கொடுத்து வாங்குவது விசித்திரமாகத்தான் தோன்றும். ஆயினும் இப்போட்டியின் விதியொன்றைப் பற்றியும், அதில் நேர்ந்த பிழையொன்றைப் பற்றியும் நாம் யோசிக்க இடமுண்டு.

இக்கோ சலெஞ்சில் ஒரு குழுவுக்கு நான்கு பேர். அவர்களுள் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். நால்வரும் சேர்ந்தே ஒவ்வொரு சாவடியையும் கடக்க வேண்டும். (சாவடி என்ற சொல் எமக்கு வேறு நினைவுகளைத் தரும். இங்கே அது வரவைப் பதியும் இடம் மாத்திரமே.) ஒருவர் இடையில் விலகினால், எஞ்சிய மூவரும் எவ்வளவு வேகமாக வந்து சேர்ந்தாலும் அக்குழுவுக்கு இடம் கிடையாது. கையில் இருப்பது தேசப்படமும் திசைகாட்டியும்தான். எப்போது உறங்குவது, எப்போது நடப்பது என்பதைக் குழுவே தீர்மானிக்க வேண்டும். ஆதலால் இரவிலும் நடப்பார்கள். நித்திரை இல்லாத மூன்றாம் நாள் தேசப்படத்தைப் பிழையாக வாசிப்பார்கள். முன்னே போனவர்களின் கால் தடத்தைப் பார்த்து நடந்து, அவர்களும் வழி தவறியவர்களே என்பதை விடிந்த பின் அறிவார்கள்.

இந்தப் போட்டிகளில் நேரும் பிழைகள் பெரும்பாலும் சின்னஞ்சிறியவை. சப்பாத்துக்குள் போன மணலால் குதிக்காலில் ஒரு கொப்புளம் எழும்புகிறது. அப்போதே நின்று காலைத் துடைத்து ஒட்டுத்துணி போட்டால் ஐந்து நிமிடம் செலவாகும். 'நான் ஒருவன் எல்லோரையும் மறிப்பதா' என்று அவர் பேசாமல் நடக்கிறார். மறுநாள் கால் புண்ணாகிறது. அதற்கு அடுத்த நாள் அவரால் நிலத்தில் கால் ஊன்ற முடியவில்லை. நால்வருடைய ஒரு வருடப் பயிற்சியும் அங்கே முடிந்துவிடுகிறது. ஊர் திரும்பியதும் 'இன்னாருடைய காலால்தான் தோற்றோம்' என்ற பேச்சு எழும்.

இந்தத் தீர்ப்பு எனக்குச் சரியாகப் படவில்லை. முதல் நாள் மிக வேகமாக நடந்த பலசாலி யார்? பின்னே வந்தவர் நொண்டுவதைக் கண்டும் கேளாமல் விட்டவர்கள் யார்? 'எனக்கு நோகிறது' என்று சொன்னால் முகம் சுளிக்கும் குழுவில் எவரும் வாய் திறக்கமாட்டார். அனுபவமுள்ள குழுக்கள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கின்றன. பலசாலியின் இடுப்பில் இழுபடும் தன்மையுள்ள ஒரு கயிறு கட்டியிருக்கும். களைத்தவர் அதன் மறுமுனையைக் கொளுவிக்கொண்டு நடப்பார். அவருடைய சுமையும் மற்றவர்களின் முதுகுகளுக்கு மாறிவிடும். அதனை எவரும் வெட்கமாகக் கருதுவதில்லை. நாளை கயிறு கட்டியவரே களைப்பார். இன்று இழுபட்டவர் அவரை இழுப்பார். கயிற்றைத் தன்மானக் குறைவாக நினைத்து மறுக்கும் முரட்டு ஆண்கள் உள்ள குழுக்களே இடையில் முறிகின்றன என்று இவ்விளையாட்டில் ஊறியவர்கள் சொல்வதுண்டு. எமது சங்கங்களையும் கமக்காரர் அமைப்புகளையும் அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது.

ஒரு குழுவுக்குள் பிழையை இப்படிப் பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் ஒரு குழு பட்ட துன்பம் மற்றக் குழுக்களுக்குத் தெரியாமல் போனால் என்ன நேரும் என்பதற்குப் போர்ணியோத் தீவில் நடந்தது ஓர் உதாரணம்.

1994ஆம் ஆண்டில் அத்தீவின் சரவாக் பகுதியில் இத்தகைய போட்டியொன்று நடந்தது. நியூசிலாந்தின் புகழ்பெற்ற வீரரான ஸ்டீவ் கேர்னி அதில் பங்குபற்றி முலு குகைகளினூடாகச் சென்றார். வௌவால் எச்சம் கலந்த நீரும் சேறும் நிறைந்த இடம் அது. போட்டியின் பின் அவரை லெப்டோஸ்பைரோசிஸ் என்ற நோய் பிடித்தது. மரணத்தின் வாசல் வரை சென்றே அவர் மீண்டார். 1998இல் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் ஏரியொன்றில் நீந்திப் போட்டியிட்டவர்கள் பலரும் இதே நோயால் வீழ்ந்தார்கள். ஆகவே நீரிலும் சேற்றிலும் நடக்கும் போட்டிகளில் இப்படியொரு ஆபத்து இருப்பது அதற்குள் தெரிந்த விடயமே.

2000ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அதே போர்ணியோத் தீவின் சபா மாநிலத்தில் இக்கோ சலெஞ்ச் போட்டி நடந்தது. 26 நாடுகளிலிருந்து 304 பேர் வந்திருந்தார்கள். காடு, குகை, கடல், ஆறு என்று பன்னிரண்டு நாட்கள் அளவில் திரிந்துவிட்டு எல்லோரும் தத்தம் நாடுகளுக்கு விமானம் ஏறினார்கள். ஊர் போன பின்னரே காய்ச்சல் தொடங்கியது. கடும் தலையிடி, உடம்பு உளைவு, குளிர். ஒவ்வொருவரும் ஒவ்வொரு வைத்தியரிடம் போனார்கள். அந்த வைத்தியர்களில் பலர் இந்நோயை அடிக்கடி காண்பவர்கள் அல்லர். நல்ல வேளையாகச் சில இடங்களின் சுகாதாரத் திணைக்களங்கள் 'இவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் இருந்து வந்தவர்கள்' என்பதைக் கவனித்து அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்துக்கு அறிவித்தன. அந்நிலையம் 189 பேரை விசாரித்தது. அவர்களுள் 80 பேருக்கு நோய்க் குறிகள் இருந்தன. 29 பேர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார்கள். ஒருவரும் இறக்கவில்லை. செகாமா ஆற்றில் நீந்தியவர்களுக்கு நோய் கண்ட வாய்ப்பு மற்றவர்களைவிட இரு மடங்காக இருந்தது.

என் மனதில் நிற்பது வேறொரு எண். அந்த 189 பேரில் 20 பேர் டொக்சிசைக்கிளின் என்ற மாத்திரையைப் போட்டிக்கு முன்னரோ போட்டியின்போதோ எடுத்திருந்தார்கள். இவர்களுள் நோய் கண்டவர்களின் விகிதம் குறைவு. இருபது என்பது சிறு தொகை, அதை வைத்து அறுதியாக முடிவு கூற இயலாது. சிலர் மலேரியாவுக்காகவே அதை விழுங்கியிருக்கவும் கூடும். எப்படியாயினும் ஒரு சிலரின் பையில் மாத்திரை இருந்தது, பெரும்பாலானோரின் பையில் இல்லை. கொப்புளத்தைப் பற்றிக் குழுவுக்குள் ஒளிக்காமல் பேசப் பழகிய அந்த மனிதர்கள், ஆறு வருடங்களுக்கு முன் அதே தீவில் தங்கள் தோழர் ஒருவர் சாகப் பிழைத்த கதையை எல்லோருடைய பொதுச் சொத்தாக ஆக்கியிருக்கவில்லை. சபாவில் நேர்ந்த பிழை அதுவே என்பது என் கருத்து. ஆற்றில் இறங்கிய தனி ஒருவரை அதற்காகக் குறை கூறுவதில் பயனில்லை.

லெப்டோஸ்பைரோசிஸ் என்று நீட்டி முழக்கியது வேறொன்றுமல்ல, நாம் சொல்லும் எலிக்காய்ச்சல்தான். எலி, மாடு, நாய், பன்றி ஆகியவற்றின் சிறுநீரோடு கிருமி சேற்றிலும் தேங்கிய நீரிலும் சேர்கிறது. காலில் உள்ள வெட்டுக்காயம் வழியாகவும், கண், வாய் வழியாகவும் உடம்புக்குள் போகிறது. எமது வயல்களில் அது புதியதல்ல. 2008இல் இலங்கையில் 7000 பேருக்கு மேல் இந்நோய்க்கு ஆளானதாகவும், 200 பேருக்கு மேல் இறந்ததாகவும் பதிவாகியது. 2024 நவம்பர் வெள்ளத்தின் பின், டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் சில உயிர்களைக் கொண்டுபோன காய்ச்சலை முதலில் 'மர்மக் காய்ச்சல்' என்றார்கள். பரிசோதித்தபோது அது எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது.

சொந்த வயலில் தலைமுறையாக இறங்கியவனுக்கு எந்த வாய்க்காலில் எலி கூடும், எந்தப் போகத்தில் காய்ச்சல் வரும் என்பது ஓரளவு தெரியும். இடம்பெயர்ந்து வேறொருவரின் வயலில் கூலிக்கு இறங்குபவருக்கு அது தெரியாது. பல வருடங்களின் பின் பற்றை பிடித்த காணிக்குத் திரும்புபவருக்கும் தெரியாது. அங்கு முன்னரே இருப்பவர்தான் சொல்ல வேண்டும். கமக்காரர் கூட்டத்தில் நீர், உரம், விதைநெல் பற்றிப் பேசுகிறோம். சென்ற போகத்தில் யார் யாருக்குக் காய்ச்சல் வந்தது, எந்தத் துண்டில் வேலை செய்தபோது வந்தது என்று கேட்க ஐந்து நிமிடம் போதும். 'அவன் சுத்தமில்லாதவன்' என்று எவராவது சிரித்தால் தலைவர் அங்கேயே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த கூட்டத்தில் ஒருவரும் உண்மை சொல்லமாட்டார்கள்.

வயல் வேலை தொடங்குவதற்கு முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டால், ஆபத்துள்ள இடங்களில் கமக்காரர்களுக்குக் கொடுக்கும் டொக்சிசைக்கிளின் மாத்திரை பற்றிச் சொல்வார். கர்ப்பிணிப் பெண்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அது பொருந்தாது. ஆகையால் அயலவரிடம் வாங்கி விழுங்கக்கூடாது. காயம் உள்ள காலோடு இறங்க நேர்ந்தால் காயத்தை நீர் புகாதபடி மூடிக் கட்டுங்கள். இறங்கிய பின் காய்ச்சலோடு தலையிடியும் கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் வந்தால், பனடோலோடு வீட்டில் இருந்து பார்ப்போம் என்று நாள் கடத்த வேண்டாம். சிறுநீர் குறைந்து கண் மஞ்சளாகும் வரை பொறுத்தால் சிறுநீரகம் பழுதாகிவிடும். ஆஸ்பத்திரியில் வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்ல வேண்டிய முதல் வசனம், 'நான் வயலில் இறங்கி வேலை செய்தேன் ஐயா, என்னோடு இறங்கிய இன்னும் இத்தனை பேர் இருக்கிறார்கள்' என்பதே.