பூச்சில்லா மரமும் பொறுப்புள்ள கையும்

தங்கவயல் தமிழருக்கு கிட்டார் அந்நிய வாத்தியம் அல்ல. 1880-களில் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கத்தை நடத்தத் தொடங்கிய பின், வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து வந்த நம் முன்னோர், ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் வாழ்ந்த அதே ஊரில் வாழ்ந்தனர். தேவாலயத்திலும் நடன அரங்கிலும் ஒலித்த கிட்டார் நம் வீட்டுத் திண்ணைக்கும் வந்தது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. பிழைப்புக்காக பெங்களூருக்கும் கடல் கடந்தும் சென்ற நம்மவர்கள், ஊரிலுள்ள தம்பிக்கோ மருமகனுக்கோ நல்ல கிட்டார் ஒன்று அனுப்புவது உண்டு. மகிழ்ச்சிக்குரிய செய்தி. ஆனால் வாத்தியத்தோடு அதைப் பேணும் முறையையும் அனுப்புகிறோமா என்பதே என் கேள்வி.

இன்று வரும் சில கிட்டார்களின் கழுத்து, வார்னிஷ் பூசாத வெறும் மேப்பிள் மரம். வீணைக்குத் தண்டி எப்படியோ, அப்படித்தான் கிட்டாருக்குக் கழுத்து. வட அமெரிக்காவில் விளையும் இந்த மரம் வெளிர் நிறமானது, கடினமானது. பூச்சு இல்லாததால் கை ஒட்டாமல் வழுக்கிச் செல்லும். அதற்காகவே பலர் இதை விரும்புகிறார்கள். ஆனால் வியர்வையும் அழுக்கும் நேரே மரத்துக்குள் இறங்கும். சயனைடு மேடுகளிலிருந்து காற்றில் பறந்து வரும் நுண்மண்ணைப் பற்றி நம் ஊராருக்குச் சொல்லவா வேண்டும்? வியர்வையோடு அது சேர்ந்தால் சில மாதங்களில் கழுத்து கறுத்துவிடும். ஈரத்தை உறிஞ்சிய மரம் வளையவும் கூடும்.

இதற்கு நம் வீடுகளில் உடனே எடுப்பது தேங்காய் எண்ணெய். கூடவே கூடாது! தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் மரத்தில் காய்ந்து இறுகுவதில்லை. பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்து வைக்கும். உலர்ந்து இறுகும் எண்ணெயே வேண்டும். கிரிக்கெட் மட்டைக்கு லின்சீட் எண்ணெய் தடவிப் பழகிய பிள்ளைகளுக்கு இது புதிதல்ல.

முறை எளிது. தந்திகளைக் கழற்றி, உலர்ந்த துணியால் துடையுங்கள். அழுக்கு போகாவிட்டால், மென்மையான சோப்பு நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே ஈரத்தை ஒற்றி எடுங்கள். நன்கு உலர்ந்தபின் மிக நுண்ணிய இரும்புப் பஞ்சால் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே மெல்லத் தேய்க்க வேண்டும். மின் கிட்டாரானால் அதன் காந்தங்களை முன்கூட்டியே காகிதத்தால் மூடி ஒட்டிவிடுங்கள்; இல்லையேல் இரும்புத் தூள் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு, கடையில் 'பாயில்டு லின்சீட்' என்று கேட்டு வாங்கிய எண்ணெயை நாலைந்து துளி மட்டும் தடவி, கால் மணி நேரத்தில் மிச்சத்தை முழுவதும் துடைத்து எடுங்கள். ஒரு நாளாவது உலரவிட்டு, இன்னொரு முறை தடவலாம். நன்றாகக் காய்ந்தபின் மெழுகு சிறிது தேய்த்தால் போதும்.

ஓர் எச்சரிக்கை: அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது. தண்ணீரில் நனைத்தோ, வெளியே விரித்து உலர்த்தியோ அப்புறப்படுத்துங்கள்.

"இத்தனை பாடு எதற்கு? தச்சரிடம் கொடுத்து கெட்டியாக வார்னிஷ் அடித்துவிட்டால் தீர்ந்தது" என்பார் சிலர். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. கெட்டிப் பூச்சு ஈரத்தை நன்றாகவே தடுக்கும். பூச்சில்லாத மேப்பிள் கழுத்து வளைந்தால் தாங்கள் பொறுப்பல்ல என்று சொல்லும் தயாரிப்பாளர்களும் உண்டு. ஆனால் வார்னிஷ் பெயர்ந்தால் அதைச் சரிசெய்ய கைதேர்ந்தவர் வேண்டும். எண்ணெய் தேய்ந்தால், வாசிக்கும் பிள்ளையே ஆண்டுக்கு ஓரிரு முறை தன் கையால் சரிசெய்து கொள்ளலாம். பழுது பார்ப்பவரைத் தேடி பெங்களூருக்கு ரயிலேற வேண்டிய ஊரில் இது சிறிய நன்மையா?

விலை உயர்ந்த பொருளை அனுப்புவது அன்பு. அதைப் பேணக் கற்றுத் தருவதும் அன்புதான். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பெட்டியில் ஒரு சிறு புட்டி எண்ணெயும் ஒரு பழைய பருத்தித் துணியும் இருக்கட்டும். பிள்ளையை அருகில் உட்கார வைத்து, முதல் பாட்டுக்கு முன் முதல் துடைப்பைச் சொல்லிக் கொடுங்கள். அந்தக் கிட்டார் அவன் தங்கைக்கும் மிஞ்சும்.