வெள்ளச் சமவெளியும் வீட்டுக் கணக்கும்

1954 ஒக்ரோபரில் ஹேசல் சூறாவளி கனடாவின் ஒன்ராறியோவில் 81 பேரைப் பலிகொண்டது. ரொறன்ரோவில் ஹம்பர் ஆற்றோரம் ரேமோர் வீதியில் மட்டும் 35 பேர். அதன்பின் ஆற்றோரக் காணிகளை வாங்கிப் பூங்காக்களாக்கியவை பாதுகாப்பு அதிகாரசபைகள்.

வீடுகளை விரைந்து கட்டவென 2022இல் வந்த சட்டம், கட்டடத் திட்டங்கள் பற்றி இச்சபைகள் கருத்துரைக்கும் எல்லையைப் பெரும்பாலும் வெள்ளம், மண்ணரிப்பு போன்ற ஆபத்துகளுக்குள் சுருக்கியது. எஞ்சிய அதிகாரத்தை அவை வெள்ள வரைபடங்களைப் புதுப்பிப்பதில்தான் முதலில் காட்டவேண்டும். மேலே வயல்கள் தார்த்தரையானால் மழைநீர் நிலத்துக்குள் இறங்காது. கீழே ஆறு பெருகும். கட்டுபவரின் இலாபம் இவ்வாண்டுக் கணக்கில், சேதமோ பின்னர் கீழுள்ளவரின் கணக்கில். வரைபடச் செலவை விண்ணப்பக் கட்டணமாக அறவிடுவதே நியாயம். 2023இல் அரசோ அக்கட்டணங்களை உயர்த்தவும் தடைபோட்டது.

வீடு வாங்கும் நம்மவர்கள் பேஸ்மென்ற் வாடகையைக் கணக்குப் பார்ப்பார்கள். வெள்ள வரைபடம் பார்ப்பவர் குறைவு. சாதாரண வீட்டுக் காப்புறுதியில் ஆற்றுவெள்ளம் தானாகச் சேராது.