பழைய வாடிக்கையை விரட்டலாமா?

பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் புது ஆளைப் பிடிக்க வேண்டும் என்று எந்த வியாபாரியும் பழைய வாடிக்கையை விரட்ட மாட்டார். பக்கத்துக் கீழப்பாவூரில் சின்னப் பெட்டிக்கடை வைத்திருப்பவருக்கும் தெரிந்த கணக்கு இது. பெரிய ஆன்லைன் கேம் கம்பெனிகளுக்குத்தான் தெரிவதில்லை!

'ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ்' 2003-ல் வந்தது. அதில் ஜெடாய் வீரர் ஆக மாதக்கணக்கில் பாடுபட வேண்டும். 2005 நவம்பரில் சோனி நிறுவனம் முப்பதுக்கும் மேற்பட்ட தொழில்களை ஒன்பதாகச் சுருக்கியது. இன்று சேர்ந்தவரும் உடனே ஜெடாய்! பாடுபட்டவர்கள் கொதித்துப்போய் வெளியேறினார்கள். எதிர்பார்த்த புதுக்கூட்டமும் வரவில்லை. 2011 டிசம்பரில் ஆட்டம் மூடப்பட்டது.

'ஃபைனல் ஃபேன்டஸி 14' கதை நேர்மாறு. 2010-ல் படுமோசமாக வெளிவந்தது. ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. ஓராண்டுக்கு மேல் மாதக் கட்டணம் வாங்கவில்லை. 2012-ல் மூடி, புதிதாகக் கட்டி, 2013-ல் திறந்தது. இன்றும் நன்றாக ஓடுகிறது.

சர்வர் தொங்கினால் சரிசெய்யலாம். பக் இருந்தால் திருத்தலாம். ஆனால் கணக்கியலில் 'நற்பெயர்' என்று கண்ணுக்குத் தெரியாத சொத்து ஒன்று உண்டே? ஆடுபவர் கொட்டிய மாதக்கணக்கான உழைப்புக்குக் கம்பெனி தரும் மரியாதைதான் அது. அதை அழித்துவிட்டுப் புது ஆளைத் தேடுவது, முதலைத் தின்றுவிட்டு லாபம் தேடுவது மாதிரிதான்.