மண்ணடி யாருடையது?

சென்னைக்குப் போய்வரும் நம்மவர்கள் பலருக்கு மண்ணடி என்றால் லொட்ஜ், பிரியாணி, சாமான் வாங்கும் கடைகள். "அது முஸ்லிம் ஏரியா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். பள்ளிவாசலும் ஹலால் சாப்பாடும் பக்கத்திலேயே இருப்பதால் அப்படிச் சொல்வது இயல்புதான். ஆனால் அது பாதி உண்மை.

கொஞ்சம் நடந்து பாருங்கள். அங்கப்ப நாயக்கன் தெருவில் மஸ்ஜித் மஃமூர். தம்பு செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயில். ஆர்மேனியன் தெருவில் 1772இல் கட்டிய ஆர்மேனியத் தேவாலயமும் கச்சாலீஸ்வரர் கோயிலும். பவளக்காரத் தெருவில் ஒரு காலத்தில் யூத வணிகர்கள் இருந்தார்கள்.

இது எப்படி வந்தது? ஆங்கிலேயர் 1640 அளவில் கோட்டை கட்டினார்கள். வெள்ளையர் உள்ளே, மற்றவர்கள் வெளியே 'கறுப்பர் நகரத்தில்'. கொழும்புக் கோட்டையும் புறக்கோட்டையும் போலத்தான். நாம் 'பெட்டா' என்கிறோமே, அதுவும் 'பேட்டை' என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து போனதுதான்.

"அந்தக் காலத்தில் எல்லோரும் ஒற்றுமையாக இருந்தார்கள்" என்று எழுதுவது சுலபம். அது சரியல்ல. எந்தத் தெருவில் யார் ஊர்வலம் போவது என்று வலங்கைச் சாதியாரும் இடங்கைச் சாதியாரும் மோதிக்கொண்டார்கள். 1707இல் கவர்னர் தோமஸ் பிட் காலத்தில் வலங்கையாருக்குப் பெத்தநாயக்கன்பேட்டை, இடங்கையாருக்கு முத்தியால்பேட்டை என்று பிரித்துவிட்டார்கள். இன்றைய மண்ணடி அந்த முத்தியால்பேட்டைப் பக்கம்.

1746இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்தார்கள். பிறகு, கோட்டையை ஒட்டி வீடுகள் இருந்தால் எதிரி மறைந்து வருவான் என்று பழைய கறுப்பர் நகரமே இடிக்கப்பட்டது. சென்னகேசவப் பெருமாள் கோயிலும் போனது. அதை வேறிடத்தில் திரும்பக் கட்டினார்கள். அந்தப் பழைய நிலத்தில்தான் இன்று உயர்நீதிமன்றம் நிற்கிறது.

ஆர்மேனியரைப் பாருங்கள். உலகின் முதலாவது ஆர்மேனியப் பத்திரிகை 'அஸ்தரார்' 1794இல் இதே மதராஸில்தான் அச்சானது. அதை நடத்திய பாதிரியாரின் கல்லறை அந்தத் தேவாலய வளவில் இருக்கிறது. இன்று அங்கே தொழுகைக்குக் கூடுமளவுக்கு ஆர்மேனியர் இல்லை. தேவாலயமும் தெருப் பெயரும்தான் மிச்சம்.

எனது கருத்து இதுதான். "இது யாருடைய இடம்" என்று கேட்டு, முதலில் வந்தவரைத் தேடிப் போனால் மண்ணடியில் ஒருவருக்கும் பட்டயம் கிடைக்காது. வந்தார்கள், சண்டை பிடித்தார்கள், இடிபட்டார்கள், வியாபாரம் செய்தார்கள், சிலர் போய்விட்டார்கள். போனவர்களின் பெயரைக் காப்பது இப்போது இருப்பவர்களின் பொறுப்பு.

சிறுபான்மையாக வாழும் ஊர்களில் எங்கள் வரலாற்றையும் பாடப்புத்தகத்தில் எழுதுங்கள் என்று கேட்கிறோம். நியாயமான கோரிக்கை. அப்படியென்றால், "நம்ம ஏரியா" என்று நாம் உரிமையோடு சொல்லும் தெருவில் அடுத்தவரின் வரலாற்றை நாமும் சொல்ல வேண்டும்.

அடுத்த முறை மண்ணடியில் தங்கினால், சாமான் வாங்கும் நேரத்தில் ஒரு மணித்தியாலத்தை ஒதுக்குங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் அந்தத் தெருப் பெயர்களை வாசிக்க வையுங்கள்.