அலமாரியில் உறங்கும் அரண்

அந்நாள் போரிலே கோட்டைக் கதவைத் தகர்த்தான் பகைவன். இந்நாள் போரிலே கொதிக்கும் உலையின் கதவையே தட்டுகிறான்!

2022 மார்ச் 4. உக்ரைன் நாட்டின் நீப்பர் ஆற்றங்கரையிலே, ஐரோப்பாவிலேயே பெரியதான சப்போரிசியா அணுமின் நிலையத்தைச் சுட்டுக்கொண்டே நுழைந்து கைப்பற்றியது ரஷ்யப் படை. வளாகத்திலிருந்த பயிற்சிக்கூடம் பற்றி எரிந்தது. ஆறு உலைகளைக் காத்து நின்ற தொழிலாளர்கள் துப்பாக்கி முனையில் பணியாற்றினர்.

எங்கோ நடந்தது, நமக்கென்ன என்பீரோ தோழர்களே? அங்கிருப்பவையும் கூடங்குளத்தில் இயங்கும் இரண்டு உலைகளும் ஒரே குலம். ஆயிரம் மெகாவாட் ரஷ்ய வகை. அங்கே நேர்ந்தது இங்கேயும் நேரும் என்று ஆருடம் கூறவில்லை. நேர்ந்தால் என்செய்வோம் என்று கேட்கிறேன்.

ஒப்பந்தம் இருக்கிறது என்பர். ஆம், இருக்கிறது! ஒருவர் அணு நிலையத்தை மற்றவர் தாக்குவதில்லை என்று இந்தியாவும் பாகிஸ்தானும் 1988 டிசம்பர் 31-ல் கையொப்பமிட்டன. ஆண்டுதோறும் ஜனவரி முதல் நாள் பட்டியலும் பரிமாறிக் கொள்கின்றன. போற்றுகிறோம். ஆனால், நாடும் கொடியும் இல்லாத நாசக் கும்பல் அந்தத் தாளிலே கையொப்பமிட்டதா?

கனத்த கற்காரைக் கவசம் இருக்கிறது என்பர். அதையும் மறுக்கவில்லை. ஆனால் உலையை நிறுத்திய பின்னும் அதன் உள்வெப்பம் உடனே தணிவதில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்; தண்ணீர் ஓட மின்சாரம் வேண்டும். சப்போரிசியாவுக்கு வெளியிலிருந்து வரும் மின்சாரம் போரினால் பலமுறை அறுந்தது; 2025 செப்டம்பர் 23 முதல் ஒரு மாத காலம் டீசல் இயந்திரங்களை நம்பியே அது உயிர் பிடித்தது. கவசத்தைத் துளைக்க வேண்டியதில்லை, கம்பியை அறுத்தாலே ஆபத்து!

விபத்துக்கென்று திட்டம் இருக்கிறது. நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டர் அதன் எல்லை. நிலையம் ஆட்சியருக்குச் சொல்லும், ஆட்சியர் அதிகாரிகளுக்குச் சொல்வார், அதிகாரிகள் ஊருக்குச் சொல்வார்கள். அமைதிக் காலத்துக்கு அழகான சங்கிலி! படையெடுப்புக் காலத்தில் இதை நாடகமாக எண்ணிப் பாருங்கள்.

"செய்தி வந்ததா?"

"தொலைபேசி அறுந்துவிட்டது."

"நிலையத்தில் கேட்டீரா?"

"அங்கே பேசுபவன் பகைவன்."

"திட்டம் எங்கே?"

"ஆட்சியர் அலுவலக அலமாரியில்."

"சாவி?"

திரை விழுகிறது, தோழர்களே! சங்கிலியின் முதற் கண்ணியையே பகைவன் அறுப்பான். ஆகவே கடைசிக் கண்ணியாகிய ஊர், கட்டளைக்குக் காத்திராமல் தானே இயங்கக் கற்றிருக்க வேண்டும். அதுவே நம் கோரிக்கை.

என்ன கற்க வேண்டும்? முதலாவது, ஓடுவது மட்டுமே தப்புவதாகாது. 2011-ல் புகுஷிமாவில் மருத்துவமனைகளிலிருந்து அவசரமாக வெளியேற்றப்பட்ட முதிய நோயாளிகள் பலர் மாண்டனர். கதிரியக்கத்தால் அன்று, பயணத்தின் அலைக்கழிப்பால்! சாலையிலே குண்டு விழும் வேளையில் கதவடைத்து, சன்னலடைத்து, வீட்டுக்குள் இருப்பதே பல நேரங்களில் காப்பு. எப்போது இருப்பது, எப்போது எழுவது என்பதை முன்பே அறிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, அயோடின் மாத்திரை. தைராய்டு சுரப்பியை மட்டும் அது காக்கும். குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மாருக்கும் முதலில் வேண்டும். கதிரியக்க அயோடின் உடலில் புகுமுன்போ, புகுந்த சில மணி நேரத்துக்குள்ளோ விழுங்கினால்தான் பயன். பாளையங்கோட்டைக் கிடங்கிலே பூட்டி வைத்து இடிந்தகரைக் குழந்தையைக் காக்க முடியுமா? பள்ளியிலும் ஊராட்சி அலுவலகத்திலும் இருக்கட்டும். எப்போது, யாருக்கு, எவ்வளவு என்பதைச் செவிலியர் கற்றிருக்கட்டும்.

மூன்றாவது, காற்று. நச்சுத்துகள் காற்றின் வழியே செல்லும். காற்றுக்குக் குறுக்காக விலகுவதே அறிவு. இராதாபுரம் வட்டாரமெங்கும் சுழலும் காற்றாலைகள் எந்தப் பக்கம் முகம் காட்டுகின்றனவோ, அந்தப் பக்கமிருந்தே காற்று வருகிறது. எட்டு வயதுச் சிறுவனும் படிக்கக்கூடிய பாடம், சொல்லிக் கொடுத்தோமா?

நான்காவது, மின்சாரமில்லாத எச்சரிக்கை. கடற்கரை ஊர்களில் கோயில் மணி இருக்கிறது. எத்தனை முறை அடித்தால் என்ன பொருள் என்று உறுதிசெய்யக் காசும் வேண்டாம், கருவியும் வேண்டாம்.

"மக்களைப் பயமுறுத்தலாமா?" என்பார் சிலர். தீயணைப்பு வண்டி வாங்கியவனா தீ மூட்டியவன்? அறியாமையே அச்சத்தின் தாய். உலை வேண்டும் என்பாரும் வேண்டாம் என்பாரும் இந்த ஒன்றிலாவது ஒன்றுபடலாம். இருக்கும் உலையருகே வாழும் உயிர் இருதரப்புக்கும் சொந்தமன்றோ!

நாம் புதிதாய்க் கேட்கவில்லை. 2013 மே 6-ல் கூடங்குளம் வழக்கின் தீர்ப்பிலே, அவசரத் திட்டத்தின்படி காவலர், தீயணைப்போர், மருத்துவர் முதலானோருக்குப் பயிற்சி அளிக்க உச்சநீதிமன்றமே பணித்தது. 2025 மே 7-ல் நாடெங்கும் போர்க்கால ஒத்திகை நடந்தபோது கல்பாக்கத்திலும் நடத்திக் காட்டினர். ஒருநாள் ஒத்திகை நன்று. ஊர்தோறும் ஒத்திகை ஒழுக்கமாவதே தேவை.

தோழர்களே! ஆகஸ்ட் 15-லும் அக்டோபர் 2-லும் கிராமசபை கூடும். கூத்தங்குழியில், கூட்டப்புளியில், செட்டிகுளத்தில், கல்பாக்கத்தைச் சூழ்ந்த குப்பங்களில் எழுந்து கேளுங்கள்: "எங்கள் ஊர்த் திட்டம் எங்கே? தமிழில் எங்கே? மாத்திரை எங்கே? மணி அடிப்பவர் யார்? நடக்க முடியாத பாட்டியைத் தூக்குபவர் யார்?" விடை வரும்வரை அமராதீர்!

அலமாரியில் உறங்கும் அரணால் பயனில்லை. ஊரார் நெஞ்சிலே விழித்திருக்கும் அரணே அரண்!